வெளிநாட்டில் லேப்டாப் வாங்கி கொடைக்கானல் மலைக்கு வரவழைப்பது: லாபமா, நட்டமா?

12 ஜூலை 2023 (வந்த கேள்வி)

அண்ணே, நான் பண்ணைக்காடு. இந்த வருடம் கல்லூரியில் சேர்கிறேன், லேப்டாப் வேண்டும். மதுரையில் 74,000 சொல்கிற மாடல் அமெரிக்காவில் 700 டாலர்தான் போட்டிருக்கிறது. அக்கா டெக்சாஸில் இருக்கிறாள். அவளைக் கூரியரில் அனுப்பச் சொல்லலாமா, இல்லை நானே அந்தக் கடையில் நேராக ஆர்டர் போடலாமா? தாத்தாவுக்கு ஒரு நல்ல ரேடியோவும் வாங்கித் தருகிறேன் என்கிறாள். "கிஃப்ட்" என்று எழுதி அனுப்பினால் வரியே கிடையாது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

12 ஜூலை, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். உண்மை இல்லை. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரை அன்பளிப்பு வரியில்லாமல் வந்தது. 2019 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் வர இப்போது உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் இடம். மற்றதெல்லாம் முழு வரி கட்டினால் வரும். பெட்டியின் மேல் என்ன எழுதினாலும் அதுதான் நிலை.

இதோடு சேர்த்தே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 700 டாலர் பொருளுக்கு 70 டாலர் என்று எழுதச் சொல்லாதே தம்பி. பெட்டி வழியில் தொலைந்தால் 70 டாலருக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். சுங்க அதிகாரி அந்த மாடலின் விலையைப் பார்க்க அரை நிமிடம் போதும். பிடிபட்டால் வரியோடு அபராதமும் சேரும், பொருளே பறிபோகவும் செய்யலாம். அக்கா பெயரில் பொய்க் கணக்கு எழுத வைக்காதே.

அடுத்தது அந்த 700 டாலர். அமெரிக்கக் கடைகளில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். டெக்சாஸில் பெரிய ஊர்களில் 8.25 சதவீதம். அப்படியானால் 757 டாலருக்கு மேல், நம் பணத்தில் சுமார் 62,500 ரூபாய். ஓரிகன், டெலாவேர் மாதிரி சில மாநிலங்களில் அந்த வரி இல்லை. பொருளை வாங்கி வைத்து நமக்கு மறு அஞ்சல் செய்யும் நிறுவனங்கள் அந்த மாநிலங்களில் முகவரி கொடுப்பது அதனால்தான்.

அந்த நிறுவனங்களை நம்பி இறங்கும் முன் அளவுநாடாவை எடு. விமானக் கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 50, 40, 20 அளவுள்ள அட்டைப்பெட்டி என்றால் 8 கிலோ. உள்ளே லேப்டாப் இரண்டரை கிலோதான் இருக்கும். பணம் 8 கிலோவுக்கு.

13 ஜூலை

நேற்று எழுதியது போதவில்லை. நான் பட்டதைச் சொன்னால்தான் விளங்கும்.

எனக்கு கொடைக்கானலில் சின்ன ஸ்டூடியோ. 2018 குறிஞ்சி பூத்த வருடம். 2006-க்குப் பிறகு அப்போதுதான். 2006-இல் என்னிடம் நல்ல கேமராவே இல்லை. இந்த முறை விட்டால் 2030 வரை காத்திருக்க வேண்டும் என்று பூவை நெருங்கி எடுக்கிற மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். மதுரைக் கடையில் 47,000 சொன்னார்கள். அமெரிக்கக் கடையில் 420 டாலர், அன்றைய மதிப்பில் 29,000. நேராக ஆர்டர் போட்டேன்.

வரி எப்படி ஏறுகிறது என்பதை ரசீதைப் பார்த்துத்தான் கற்றேன். முதலில் பொருளின் விலை 29,000. அதோடு கப்பல் கட்டணம் என்று அவர்கள் சொல்கிற விமானக் கூரியர் கட்டணம் 2,400. அப்புறம் காப்பீடு. தனியாகக் காப்பீட்டுத் தொகை காட்டாவிட்டால் விலையில் 1.125 சதவீதம் என்று அவர்களே வைத்துக்கொள்வார்கள், எனக்கு 326 ரூபாய் வந்தது. ஆக 31,726 ரூபாய்க்கு வரி. அனுப்பும் செலவுக்கும் வரி உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. விமானத்தில் வருகிற பொருளுக்கு அந்தச் செலவைப் பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

அதன் மேல் அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம். அந்தச் சுங்கத்தின் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம். இவை எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி 28 சதவீதம். 100 ரூபாய்ப் பொருள் என்றால் 10, பிறகு 1, பிறகு 111-க்கு 28 சதவீதமாக 31.08. ஆக 42.08. எனக்கு வந்தது 13,350 ரூபாய். இது 2018-ஆம் வருடத்துக் கணக்கு. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் விகிதம் மாறும், எந்தத் தலைப்பில் பொருளைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாதே. வரி மேல் வரி ஏறுகிற முறையை மட்டும் மனதில் வை.

அப்புறம் பெயர்ச் சிக்கல். தனி ஆளுக்கு வெளிநாட்டிலிருந்து கூரியர் வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள். அந்தக் கடையின் படிவத்தில் குடும்பப் பெயர் எழுதாமல் நகர முடியவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை முழுதாக எழுதினேன். ஆதாரில் முன்னால் ஒரே ஓர் எழுத்து இனிஷியல். இரண்டும் பொருந்தவில்லை என்று பெட்டி சென்னையில் 9 நாள் கிடந்தது. சான்று கேட்டு வந்த மின்னஞ்சல் குப்பைக்குள் போயிருந்தது, நான் பார்க்கவே இல்லை. தினமும் மலைச்சரிவைப் பார்ப்பேன், நீலம் ஏறிக்கொண்டே போகிறது, லென்ஸ் இல்லை. அந்த 9 நாள் பட்ட வேதனை இன்றும் மறக்கவில்லை.

ஆர்டர் போடும்போது ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை எழுது. படிவம் விடவில்லை என்றால் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை மட்டும் போடு.

லென்ஸ் வந்தபோது கீழ்ச் சரிவில் பூ வாடத் தொடங்கியிருந்தது. மன்னவனூர்ப் பக்கம் போய்த்தான் எடுத்தேன். படங்கள் நன்றாகவே வந்தன. மொத்தம் 44,750 ரூபாய். 2,250 மிச்சம்.

14 ஜூலை

தப்பு. மிச்சம் 2,250 இல்லை.

நேற்று எழுதியபின் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். கார்டு அறிக்கையில் வெளிநாட்டுச் செலவுக்கு என்று வங்கி 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுத்திருக்கிறது. அது 1,297 ரூபாய். கூரியர்காரர்கள் எனக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கட்டணம் 600, அதற்கும் ஜிஎஸ்டி, ஆக 708. கூட்டினால் 46,755. மதுரையில் 47,000. மிச்சம் 245 ரூபாய்!

அதிலும் மலைக்கு மேல் கொண்டுவர மாட்டோம் என்று சொன்னதால் வத்தலக்குண்டு இறங்கிப் போய் வாங்கி வந்தேன். ஒரு நாள் ஸ்டூடியோவைப் பூட்டியிருந்தேன். மதுரையில் வாங்கியிருந்தால் உள்நாட்டு உத்தரவாத அட்டையும் கையில் இருந்திருக்கும்.

இன்னொன்று. சில தளங்களில் பணம் கட்டும் இடத்தில் "ரூபாயிலேயே கட்டலாம்" என்று காட்டும். அதைத் தொடாதே, டாலரிலேயே கட்டு. ரூபாய் என்று காட்டுகிற விலைக்குள் அவர்களுடைய மாற்று விகிதம் ஒளிந்திருக்கும்.

17 ஜூலை

அக்காவும் மாமாவும் தீபாவளிக்கு வருகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? கூரியர் பேச்சையே எடுத்திருக்க மாட்டேனே.

கையில் கொண்டுவருவதற்குச் சட்டம் வேறு. 18 வயது நிறைந்த எந்தப் பயணியும் ஒரு லேப்டாப் வரியில்லாமல் கொண்டுவரலாம். அதைத் தவிர மற்றப் பொருள்களுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் போனால் மிகுதிக்கு மட்டும் 38.5 சதவீதம். இது 2016 பயணப்பெட்டி விதிப்படி இந்த 2023-இல் உள்ள கணக்கு. நேபாளம், பூடான், மியான்மர் வழியாக வந்தால் 15,000 தான், அது உங்களுக்கு வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கா தன் சொந்த லேப்டாப்பையும் தூக்கி வருவாள், வேலை அப்படி. அப்போது அவளுடைய அந்த ஒரு லேப்டாப் இடம் போய்விடும். உன் புது லேப்டாப் 50,000 கணக்கில்தான் சேரும். 62,500-இல் 50,000 கழித்து மிச்சம் 12,500-க்கு 38.5 சதவீதம் என்றால் 4,812 ரூபாய் கட்ட வேண்டி வரும். இரண்டு பேரின் 50,000-ஐயும் சேர்த்து ஒரு லட்சம் என்று ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது.

மாமா லேப்டாப் எடுத்து வருகிறாரா என்று கேள். எடுத்து வரவில்லை என்றால் உன் லேப்டாப் அவர் பையில் வரட்டும். பில்லை மடித்துப் பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல். கேட்டால் மச்சானுக்கு என்று உள்ளதைச் சொல்லட்டும்.

பவர் பேங்க் இருந்தால் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட் மணி வரை கேள்வி இல்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 74 வாட் மணிதான், பயப்பட வேண்டாம்.

டிவி பற்றி உன் சித்தப்பா கேட்டதாக எழுதியிருக்கிறாய். தட்டை டிவி 2013 ஆகஸ்ட் 26 முதல் அந்த வரியில்லாக் கணக்கில் சேராது. முழு விலைக்கும் வரி. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வரும் கண்ணாடியை யோசித்தாலே எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

23 ஜூலை

மூன்று நாளாகச் சாரல், மூடுபனி விலகவே இல்லை. ஸ்டூடியோவுக்குள் துணியெல்லாம் ஈரம். இந்த நேரத்தில்தான் மின்னழுத்தம் பற்றி எழுதத் தோன்றுகிறது, காரணம் மூலையில் நிற்கிறது.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். லேப்டாப், மொபைல், கேமரா சார்ஜர்களில் பொடி எழுத்தில் "100-240" என்று இருந்தால் உலகில் எங்கும் மாட்டலாம். வெறும் 110, 115, 120 என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் நேரடியாக மாட்டக் கூடாது. சூடாக்கும் பொருளில் வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் நான்கு மடங்காகும். ஒரு நொடியில் புகைந்துவிடும்.

என் மச்சினன் நியூ ஜெர்சியிலிருந்து ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று கொண்டுவந்தார். கொடைக்கானலுக்கு இதைவிட உபயோகமான பொருள் உண்டா என்று எனக்கே கொடுத்தார். அன்போடு கொடுத்தது. லென்ஸில் பூஞ்சை பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பரவும், பூச்சையே அரித்துவிடும். 2011-இல் அப்படி இரண்டு லென்ஸ் இழந்திருக்கிறேன்.

இயந்திரம் 115 வோல்ட். மதுரையில் 1,500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினேன், தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். வோல்ட் சரியானது. ஆனால் டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த கம்ப்ரசர் மோட்டார் 50-இல் மெதுவாக ஓடியது, உறுமியது, தொட முடியாத அளவுக்குச் சுட்டது. டிசம்பர் வந்ததும் இன்னொரு தொல்லை. இந்த வகை இயந்திரம் குளிர்ந்த குழாயில் ஈரத்தைப் படிய வைத்து வடிக்கிறது. அறையே 12 டிகிரி இருந்தால் குழாயில் உறைபனி கட்டிவிடும், தண்ணீர் வடியாது. நம் ஊரில் ஈரம் எடுக்க வேண்டிய ராத்திரியில்தான் அது வேலை செய்யவில்லை. இரண்டாம் வருடம் நின்றுபோனது. வத்தலக்குண்டில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். கம்ப்ரசருக்கு மாற்று கிடைக்கவில்லை.

இப்போது லென்ஸ்களை ரப்பர் விளிம்பு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் வறுத்துத் திரும்பப் போடுகிறேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்.

லேப்டாப்புக்கு வருகிறேன். அமெரிக்க பிளக் தட்டைக் கால். அதற்குக் கன்வர்ட்டர் மாட்டாதே, ஆடிக்கொண்டே இருக்கும், எர்த்தும் சரியாகக் கிடைக்காது. சார்ஜரின் மறுமுனையிலிருந்து கழற்றுகிற கம்பியை மட்டும் நம் ஊர் மூன்று முள் கம்பியாக மாற்று. எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். நம் மலையில் இடி மின்னலுக்கு மின்சாரம் ஏறி இறங்குவது உனக்குத் தெரியும். மழை நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வை.

3 ஆகஸ்ட், இரவு

செய்தி பார்த்தாயா? லேப்டாப், டேப்லெட், சின்ன கம்ப்யூட்டர்கள் இறக்குமதிக்கு இன்று முதல் உரிமம் வேண்டும் என்று வெளிநாட்டு வணிக இயக்குநரகம் அறிவித்துவிட்டது. காலையிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அறிவிப்பை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். பயணப்பெட்டியில் வருவதற்கு இந்தத் தடை பொருந்தாது. தபாலிலோ கூரியரிலோ ஆன்லைனில் வாங்கிய ஒரே ஒரு லேப்டாப்புக்கும் உரிமம் தேவையில்லை, வரி கட்டினால் போதும். ஆகவே மாமா பை வழி அப்படியே இருக்கிறது. அக்காவுக்கு ராத்திரியே போன் போட்டு ரத்து செய்யச் சொல்லிவிடாதே.

5 ஆகஸ்ட்

நேற்று மாலையே அக்டோபர் 31 வரை தள்ளி வைத்துவிட்டார்கள். அது கடைக்காரர்களின் பெரிய சரக்குக்கு. ஒரு லேப்டாப் கொண்டுவரும் நமக்கு அன்றும் மாற்றமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் மதுரையில் சில கடைகளில் "இனிமேல் வெளிநாட்டு லேப்டாப் வராது, விலை ஏறும், இன்றே வாங்குங்கள்" என்று அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறாய். அதற்காக நாளைக்கே பஸ் ஏறாதே.

20 ஆகஸ்ட்

ரேடியோ. இதைப் பற்றி எழுத ஒரு மாதமாக ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நல்ல ரேடியோ. ஏஏ பேட்டரியில் ஓடுகிறது, வோல்ட் கவலை இல்லை. ஆனால் அமெரிக்க ரேடியோவுக்கு அந்த ஊர்ப் படிக்கட்டு. மீடியம் வேவில் அவர்கள் நிலையங்களை 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வைக்கிறார்கள், நாம் 9. பொத்தானை அழுத்தினால் 930, 940 என்று தாவும். திருச்சி வானொலி 936. எப்படி அழுத்தினாலும் அதில் நிற்காது, ஓரத்தில் கரகரப்பாகத்தான் கேட்கும். மதுரை 1269, கோவை 999, திருநெல்வேலி 1197, எல்லாமே 9-ஆல் வகுபடும். சென்னை 720 மட்டும் 9-க்கும் 10-க்கும் பொது. இந்த எண்களெல்லாம் நான் சிறுவனாக இருந்தபோதே மனப்பாடம். எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோவில் முள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

பண்பலையிலும் அப்படித்தான். அமெரிக்காவில் 88.1, 88.3 என்று ஒற்றைப்படையாகத்தான் நிலையங்கள். சில ரேடியோ அந்தப் படியில் மட்டும் நகரும். நம் கோடை பண்பலை 100.5. அது தப்பித்தது, தாத்தா பிழைத்தார். சென்னை ரெயின்போ 101.4 என்றால் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஜப்பானில் வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பண்பலை 76-இல் தொடங்குகிறது. உள்ளூர் விற்பனைக்கென்றே செய்த பழைய மாடல்கள் 90-இல் முடிந்துவிடும், 100.5 அதில் கிடையவே கிடையாது. 108 வரை போகிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.

பல டிஜிட்டல் ரேடியோக்களில் 9-க்கும் 10-க்கும் மாற்றுகிற வழி இருக்கும். கையேட்டில் பார்க்கச் சொல். இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

சிற்றலை அவசியமா என்று தாத்தாவையே கேள். பிபிசி தமிழோசைக்காக என்றால், அது 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியாமல் இருந்தால் மெதுவாகச் சொல்.

3 செப்டம்பர்

நேற்று ஆதித்யா எல்1 போனது. எங்கள் ஊரே பெருமையோடு இருக்கிறது. அதில் சூரியனின் வெளிவட்டத்தைப் படம் பிடிக்கும் கருவியைச் செய்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிறது. 1899-இல் தொடங்கிய ஆய்வகம், நூறு வருடத்துக்கு மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன.

சாயங்காலம் பள்ளிப் பையன்கள் நான்கு பேர் ஸ்டூடியோவுக்கு வந்து, மோட்டார் வைத்த டெலஸ்கோப் வெளிநாட்டில் வாங்கலாமா என்று கேட்டார்கள். மனசு நிறைந்துவிட்டது. பெரும்பாலும் 12 வோல்ட் டிசியில் ஓடும், வோல்ட் சிக்கல் இல்லை. எடைதான் சிக்கல், முக்காலியும் தாங்கியும் சேர்ந்தால் கூரியர் கட்டணம் பொருளை விழுங்கிவிடும். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி டெலஸ்கோப்பின் முன்வாயில் மாட்டுவதாகத்தான் இருக்க வேண்டும். கண் வைக்கும் இடத்தில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி இலவசமாக வந்தால் அன்றே தூக்கிப் போடச் சொன்னேன். சூட்டில் வெடித்தால் கண் போய்விடும்.

வட்டக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் டிரோன் கேட்டார். 2022 பிப்ரவரி 9 முதல் முழு டிரோன் இறக்குமதிக்குத் தடை. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும். காட்டுக்குள் நடக்கிறவர்கள் விரும்பும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் அப்படியே, அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.

2 அக்டோபர்

நேற்று முதல் வெளிநாட்டுச் செலவுக்கு 20 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று உன் அப்பா பயந்துபோய் எழுதியிருக்கிறார். அவருக்குச் சொல்: இந்த 2023 கணக்குப்படி, பொருள் வாங்கும் செலவுக்கு வருடத்துக்கு 7 லட்ச ரூபாய் வரை எந்தப் பிடித்தமும் இல்லை. அதற்கு மேல் அனுப்பினால்தான் அந்த 20 சதவீதம், அதுவும் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டில் செய்யும் செலவை இப்போதைக்கு அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அக்கா தன் சம்பளத்தில் அங்கேயே வாங்குவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

உத்தரவாதம் பற்றிக் கேட்க மறந்துவிட்டோம். அந்த நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டால் உத்தரவாதம் எந்த நாட்டுக்கு என்று காட்டும். உலகம் முழுதும் என்று இருந்தால் மட்டும் அக்கா பணம் கட்டட்டும். இது எல்லா வரியையும்விட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

மொபைலும் வாங்கலாமா என்கிறாய். வேண்டாம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14-இல் சிம் போட இடமே இல்லை, இ-சிம் மட்டும். பண்ணைக்காட்டில் ஒரு டவர் போனால் இன்னொரு சிம் மாற்றிப் போட்டு ஓட்டுகிறவர்கள் நாம்.

20 அக்டோபர்

நேற்று வெளிநாட்டு வணிக இயக்குநரகம் லேப்டாப் இறக்குமதிக்குப் புதிய ஏற்பாட்டை அறிவித்தது. இறக்குமதியாளர்கள் இணையத்தில் பதிந்து அனுமதி பெற்றால் போதும். உன் வழியில் எதுவும் மாறவில்லை. இதோடு அந்தப் பேச்சை விடுவோம்.

12 நவம்பர், தீபாவளி

லேப்டாப் கேட்ட பண்ணைக்காட்டுப் பையன் காலையில் போன் செய்தான். இரண்டும் வந்துவிட்டன.

மாமா பையில் லேப்டாப், மேலே பில். சென்னையில் யாரும் நிறுத்தவில்லையாம். உத்தரவாதம் உலகம் முழுதும் என்று பார்த்தபிறகே அக்கா வாங்கியிருக்கிறாள், கல்லூரித் தள்ளுபடி வாரத்தில் வாங்கியதால் வரியோடு 690 டாலர்தான் ஆனதாம். சார்ஜர் கம்பியை வத்தலக்குண்டில் வரும் வழியிலேயே மாற்றிவிட்டார்கள். விசைப்பலகையில் ரூபாய்க் குறி இல்லை என்று ஒரு சின்ன வருத்தம். விண்டோஸ் அமைப்பில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தால் வலது ஆல்ட்டோடு 4-ஐ அழுத்த வரும் என்றேன்.

ரேடியோதான் ஒரு மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறது. கோடை பண்பலை உடனே வந்துவிட்டது. மீடியம் வேவில் ஒன்றும் தெளிவாக இல்லை. தாத்தா "இது அமெரிக்காக்காரன் ரேடியோ, நம்ம பேச்சு அதுக்குப் புரியல" என்று கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். பையன் கையேட்டை எடுத்துப் படித்து, ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தானாம். திரையில் 10 என்பது 9 ஆனது. தாத்தாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கிறான்.

நேற்று ராத்திரி பதினொரு மணி வரை அவர் தூங்கவில்லை. தமிழ், மலையாளம், சிங்களம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, எந்த எண்ணில் எது வருகிறது என்று பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.